எல்லவா, கொட்டகலையா? 30 லட்சத்துக்கு எங்கே காணி வாங்கலாம்?

கேள்வி: நான் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை. கணவருக்கு ஹட்டனில் கடை வேலை. எங்கள் சீட்டுப் பணமும், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற அப்பாவின் சேமலாப நிதியும் சேர்த்து 30 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஹட்டன் டவுனுக்குள் வாங்கக் கட்டாது. எல்ல பக்கம் வாங்கிப் போட்டால் ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார் தரகர். இன்னொருவர் கொட்டகலைப் பக்கம் 10 பேர்ச் 24 லட்சத்துக்குக் காட்டுகிறார். எங்கே வாங்கினால் விலை ஏறும்?

பதில்: சகோதரி, உங்கள் நிலையில் நான் இருந்தால் எல்லவுக்குப் போகமாட்டேன். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிற கூட்டம் உண்மைதான். ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை என்று மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தபோது, அந்தக் கூட்டத்தை நம்பிக் கட்டிய அறைகள் பூட்டிக் கிடந்தன. விடுதி நடத்த முதலும் ஆளும் உள்ளவர்கள் அதைத் தாங்குவார்கள். அப்பாவின் சேமலாப நிதி தாங்காது.

மலையகத்தில் ஓர் ஊர் வளருமா என்று பார்க்க நான் செய்வது இதுதான். மாலை ஆறரை மணிக்கு அந்த ஊரின் சந்தியில் போய் நிற்பேன். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறதா, மருந்துக்கடை திறந்திருக்கிறதா, கடைசி பஸ்ஸில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று பார்ப்பேன். சுற்றுலாவுக்காகக் கட்டிய வீடுகள் இருட்டாக இருக்கும். அங்கே ஏறியிருப்பது காணி விலை மட்டும்.

அந்த வகையில் கொட்டகலை எனக்குப் பிடிக்கிறது. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பெரிய றோட்டிலேயே இருக்கிறது, ரயில் நிலையம் உண்டு, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. 2018 முதல் தனிப் பிரதேச சபையும் இயங்குகிறது. இன்னொரு காரணமும் உண்டு. நம் டவுன்களைச் சுற்றி நாலு பக்கமும் தேயிலை. அந்தக் காணி பெரும்பாலும் அரசுடையது, கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. டவுன் நினைத்தபடி விரிய முடியாததால், பஸ் போகிற தூரத்தில் சுத்தமான உறுதிப் பத்திரத்தோடு ஒரு துண்டு தனியார் காணி இருந்தால் அதைத் தேடி ஆள் வரும். இதே காரணத்தால்தான், ‘தோட்டக் காணி, மலிவு’ என்று யாராவது வெறும் கடிதத்தைக் காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். குத்தகைக்கு எடுத்தவரால் விற்க முடியாது. ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்று அரசு மக்களுக்குக் கொடுத்த அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது.

இனிமேல் சொல்வதுதான் விலையைவிட முக்கியம்: மண்சரிவு. 2014இல் பதுளை மாவட்டத்தில் மீரியபெத்த தோட்டக் குடியிருப்பை மண் மூடியது. 2025 நவம்பரில் தித்வா புயல் செய்ததை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். நான் ஒருமுறை மாசி மாத வெயிலில் ஒரு காணியைப் பார்த்து மயங்கிப் போனேன். கீழே பள்ளத்தாக்கு, காலடியில் காய்ந்த புல். முற்பணம் கொடுக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா, “ஆனியில வந்து பாருங்க தம்பி” என்றார். போனேன். காணியின் நடுவே புது ஊற்று, சேற்றுநிறத் தண்ணீர். மேலே இருந்த சவுக்கு மரங்கள் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தன. மண் மெதுவாக நகருகிற இடத்தில் மரம் அப்படித்தான் வளரும். மின்கம்பம் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் படிக்கட்டுப் போல வெடிப்பு. வாங்கவில்லை.

அதனால் நீங்களும் மழையில் போய்ப் பாருங்கள். ஹட்டன், கொட்டகலைக்கு வைகாசி முதல் ஆவணி வரை நல்ல மழை. (பதுளை, பண்டாரவளைப் பக்கம் வாங்குகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டும்.) பீலித் தண்ணீர் வெயில் காலத்திலும் வருகிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பண்டாரவளையில் உமா ஓயா சுரங்கம் தோண்டியபோது கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் நினைவிருக்கும். அப்புறம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை சாதகமாக வரும் என்று தெரியாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அது சரியில்லை என்றால் வீடு கட்ட அனுமதி கிடைப்பதே சந்தேகம்.

கணக்கையும் பார்ப்போம். 24 லட்சத்துக்கு முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம், ஆக 95,000 ரூபாய். பெறுமதியைக் கூட்டி மதிப்பிட்டால் இதுவும் கூடும். நொத்தாரிசு, நில அளவையாளர் செலவு தனி. காணி சரிவாக இருந்தால் மண் தடுப்புச் சுவருக்கே பல லட்சம் போய்விடும், மீதிப் பணம் அதற்குக் காணாது. அதனால் 24 லட்சத்தை அப்படியே ஒத்துக்கொள்ளாமல், சுவர் கட்ட ஒரு மேசனிடம் விலை கேட்டு, அந்தத் தொகையைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

முதல் வேலையாக, விற்பவரிடம் உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தின் பிரதியையும் கேளுங்கள். படத்தில் வாகனம் போகிற பாதை கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்க வேண்டும், ‘பக்கத்துக்காரர் வழி விடுவார்’ என்ற பேச்சு செல்லாது. நொத்தாரிசு தரகர் கூட்டிவருபவராக இல்லாமல் நீங்களே தேடிப்பிடித்தவராக இருக்கட்டும். காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளை அவர் தேடிப் பார்க்கட்டும். பிரதிகளைத் தர விற்பவர் தயங்கினால், அந்தக் காணியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.