டிஷ் கலங்கிய பிறகு: நான்கு கேள்விகள்

செம்பூர் வாசகி: ஐ.வி.எஃப் (சோதனைக் குழாய்) சிகிச்சையில் முட்டை எடுத்த மறுநாள், "கரு வளர்க்கும் டிஷ்ஷில் பாக்டீரியா, கரு எதுவும் தேறவில்லை" என்று ஃபோன் வந்தது. என் உடம்பு சுத்தமில்லையா?

இல்லை அம்மா. அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். கிருமி பெரும்பாலும் விந்து மாதிரியோடு வருகிறது. சில சமயம், முட்டை எடுக்க யோனி வழியாகச் செல்லும் ஊசியோடு. எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் அங்கே கிருமிகள் உண்டு. அதனால்தான் கரு வளரும் திரவத்தில் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்தே வைக்கிறோம். அதற்கு அடங்காத ஈ.கோலை போன்ற பாக்டீரியா நுழைந்துவிட்டால்தான் சிக்கல். இன்குபேட்டரின் 37 டிகிரி சூடு அதற்கும் சுகம். ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மறுநாள் காலை பார்த்தால் டிஷ்ஷில் உள்ள திரவம், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியிருக்கும், மைக்ராஸ்கோப்பில் புள்ளி புள்ளியாகத் துடிக்கும். நூறு சிகிச்சையில் ஒன்றுகூட இப்படி ஆவதில்லை. ஆனால் உங்களுக்கு நடந்திருக்கிறதே. பத்து நாள் ஊசி போட்டுக்கொண்ட வலி எனக்குப் புரிகிறது.

மாட்டுங்கா வாசகி: அடுத்த முறையும் இப்படியே ஆகுமா?

காரணத்தைத் தேடாமல் அதே முறையில் செய்தால் ஆகலாம். கலங்கிய திரவத்தை கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்களா என்று கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்கி வையுங்கள். அப்புறம் கணவருக்கு விந்து கல்ச்சர், தேவைப்பட்டால் அந்த ரிப்போர்ட்படி மருந்து. மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். முக்கியமாக, அடுத்த முறை இக்சி கேளுங்கள். சாதாரண ஐ.வி.எஃப்பில் ஆயிரக்கணக்கான விந்தணுக்கள் முட்டையோடு இரவெல்லாம் கிடக்கும். இக்சியில் கழுவி எடுத்த ஒரே ஒரு விந்தணுதான் முட்டைக்குள் போகிறது. அதில் கலப்பு மிக மிக அபூர்வம்.

சயான் வாசகர்: மாதிரி தருவதற்கு முன் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சிறுநீர் கழியுங்கள். கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக அலசி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எச்சில், எண்ணெய் கூடாது. டப்பாவின் உள்பக்கத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் விரலால் தொடாதீர்கள். முடிந்தால் கிளினிக்கிலேயே கொடுங்கள். மும்பை டிராஃபிக்கை நம்ப முடியாது.

முலுண்ட் வாசகி: கலங்கிய டிஷ்ஷில் இருந்த கருவைக் கழுவி கர்ப்பப்பைக்குள் வைக்கலாம் என்கிறார்களே?

கருவைச் சுற்றி ஓர் உறை இருப்பதால், புதுத் திரவத் துளிகளில் மாற்றி மாற்றிக் கழுவிக் காப்பாற்றிய கருவில் குழந்தை பிறந்ததுண்டு. கழுவிய பின் திரவம் தெளிவாகவே இருந்து, கருவும் வளர்ந்தால் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். மறுபடி கலங்கினால், கர்ப்பப்பைக்குள் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.