பக்கத்தில் வயலே இல்லாத வடசென்னையில் சின்னப் பிள்ளைகளுக்கு மண் வகைகளை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேட்டவர் பெரம்பூரில் இருக்கிறாராம். பையனுக்கு ஆறு வயது, ஸ்கூலில் மண் வகைகளைச் சார்ட்டில் ஒட்டி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். "சுற்றிலும் சிமெண்ட். மண்ணுக்கு நான் எங்கே போவேன்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் புதுவண்ணாரப்பேட்டையில் வீட்டு மொட்டை மாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் மழலையர் வகுப்பு டீச்சர். அந்தச் சார்ட்டை நானும் செய்திருக்கிறேன். நாலு பிளாஸ்டிக் பாக்கெட், நாலு நிறத்தில் பொடி, கீழே ஸ்கெட்ச் பேனாவில் செம்மண், கரிசல் மண், வண்டல் மண், மணல். பிள்ளைகளும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். அடுத்த வாரம் மாடித் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி, "இது என்ன மண்?" என்றேன். "தொட்டி மண் மிஸ்" என்றாள் ஒருத்தி. தப்பு என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்கே முறையை மாற்றிவிட்டேன். முதலில் கை, அப்புறம் தண்ணீர். பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

பெயரைத் தள்ளிவைக்க இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே கணக்கில் வைத்தவை இல்லை. செம்மண் நிறத்தால் வந்த பெயர். களிமண் ஒட்டுகிற குணத்தால் வந்தது. வண்டல், அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிற பெயர்; ஆறு அடித்துக்கொண்டு வந்து படிய வைத்த கலவை. மூன்றையும் வரிசையாக ஒட்டிவைத்தால் பெரியவர்களே குழம்புவார்கள். ஆறு வயசுப் பிள்ளை என்ன செய்யும், ஒப்பிக்கும்.

கைப்பாடத்துக்குச் சமையலறையே போதும். மூன்று தட்டில் ரவை, அரிசி மாவு, மைதா. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மூன்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு உருட்டச் சொல்லுங்கள். ரவை உதிரும், மைதா விரலை விடாது. அதற்கப்புறம் மண்ணை வைத்தால், "இது ரவை மண், இது மைதா மண்" என்று அதுகளே பிரித்துவிடும். நீங்கள் தெரிந்துகொள்ள ஒரு கணக்கு: 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மணல், 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் களி. களித் துகள் ஒன்று கடுகு அளவு என்றால், பெரிய மணல் துகள் ஓர் ஆள் உயரம் நிற்கும்.

மண்ணுக்கு எங்கே போவது? வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால் ஒரு டப்பா மணல் தருவார். ஆனால் இப்போது பெரும்பாலும் அது எம் சாண்ட், அதாவது குவாரியில் கருங்கல்லை உடைத்து அரைத்தது. அதையும் கடற்கரை மணலையும் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். எம் சாண்ட் உடைந்த கண்ணாடி மாதிரி முனையும் மூலையுமாக இருக்கும். அலையில் உருண்டு உருண்டு வந்த கடல் மணலுக்கு ஓரம் மழுங்கியிருக்கும். இதைப் பிள்ளைகள் விடாமல் பார்ப்பார்கள். செம்மண் எந்த நர்சரியிலும் மூட்டையாகக் கிடைக்கும். நம் பக்கம் ஓர் ஊருக்கே செங்குன்றம் என்று பெயர். பஸ்ஸில் போகும்போது வெட்டிய மேட்டைக் காட்டினால் போதும். ஏன் சிவப்பு என்று கேட்டால் ஒரு துருப்பிடித்த ஆணியைக் கையில் கொடுங்கள். அதே இரும்பு, அதே துரு.

களிமண்ணுக்கு நான் விநாயகர் சதுர்த்தி வரைக்கும் காத்திருப்பேன். கொசப்பேட்டையில் வருஷம் முழுக்க மண் வேலை நடக்கும். சதுர்த்தி சமயத்தில் நம் மார்க்கெட் எல்லாவற்றிலும் அச்சில் அழுத்தி எடுத்த ஈரப் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிடுவார். பெயிண்ட் அடிக்காத பச்சைக் களிமண் பிள்ளையாராகப் பார்த்து வாங்குங்கள். பூஜை முடிந்து மூன்றாம் நாள் எப்படியும் கரைக்கத்தான் போகிறோம். நாங்கள் மாடியில் பக்கெட்டில் கரைத்தோம். போன வருஷம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை, சின்னச் சின்னக் குமிழிதான் வந்தது. அப்புறம் தும்பிக்கை மெதுவாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. வயிறு மட்டும் ரொம்ப நேரம் தாங்கியது. குண்டுமணிக் கண் ரெண்டும் அடியில் போய் விழுந்ததும் ஒரே கூச்சல். தண்ணீர் மறுநாள்கூடக் கலங்கலாகவே இருந்தது. "மிஸ், இன்னும் சாமி தண்ணியிலதான் கீறாரா?" என்றான் ஒரு பொடியன். ஆமாம் என்றேன். களித் துகள் அவ்வளவு லேசு, இறங்க நேரமாகும் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

இதையே எந்த மண்ணை வைத்தும் டப்பாவில் செய்யலாம். கடையில் மிட்டாய் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். மூடி போட்டு நன்றாகக் குலுக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். அறுபது வருவதற்குள் மணல் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் வண்டல் பொடி, அதாவது மணலைவிடச் சின்னதும் களியைவிடப் பெரியதுமான துகள், இரண்டு மூன்று மணி நேரத்தில் படியும். களி மறுநாள், சில மண்ணில் அதற்கும் மேல். ஒவ்வொன்றும் நிற்கிற மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள். நான் சொல்லாமலே பிள்ளைகள் ரப்பர் பேண்டை எண்ணி, "இதுல மூணு மண்ணு இருக்கு" என்பார்கள். ஒரு மண்ணுக்குள்ளேயே பல மண் என்பது புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. லிக்விடுக்குப் பதில் ஒரு பிடி கல் உப்பு போட்டு இன்னொரு டப்பாவும் வையுங்கள். உப்புத் தண்ணீரில் களி ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும். எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு கடலைத் தொடுகிற இடத்தில் அவ்வளவு சேறு சேருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரிசல் மண் இந்தப் பக்கம் கிடைக்காதே என்று கவலைப்பட்டேன். கிடைத்தது எங்கள் தெரு மளிகைக்கடையில். அண்ணாச்சிக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஊர். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகும்போது கொஞ்சம் மண் எடுத்துவரச் சொன்னேன். "என்ன டீச்சர், ஊர்லேர்ந்து முறுக்கு கேப்பாக, சேவு கேப்பாக. நீங்க மண்ணு கேக்கிய!" என்று சிரித்தார். ஆனால் மஞ்சப்பையில் இரண்டு கிலோ வந்து இறங்கியது. பையைக் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை. படியில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் பேச ஆரம்பித்துவிட்டார். மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம், இல்லையென்றால் காலோடு ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வருமாம். கோடையில் வெடிப்பு விழும், அதற்குள் பம்பரம் போனால் போனதுதானாம். நான் அன்றைக்குப் பாடமே எடுக்கவில்லை. அந்த மண்ணை ஒரு தட்டில் குழைத்து வெயிலில் வைத்தோம். இரண்டு நாளில் பாளம் பாளமாக வெடித்தது. தண்ணீர் தெளித்ததும் உப்பி, வெடிப்பு மூடிக்கொண்டது. அந்தக் களிக்குத் தண்ணீரைக் குடித்து வீங்குகிற குணம் உண்டு. ஆனால் பிள்ளைகளிடம் சொல்ல "தண்ணி குடிச்சா தொப்பை வரும் மண்" என்பதே போதும்.

கடற்கரைக்குக் கட்டாயம் ஒருமுறை கூட்டிப்போங்கள், கையில் ஒரு காந்தத்தோடு. பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது சரியாக இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒட்டிய மணலைப் பிரித்தெடுக்கவே முடியாது. திருவொற்றியூர் பக்கம் கடலுக்குள் நீட்டிய இரண்டு கல் வரிசைக்கு நடுவே கொஞ்சம் மணல் தேங்கியிருக்கும். அதில் கறுப்புக் கோடுகள் தெரியும், அழுக்கு என்று நினைத்துத் தாண்டிப்போவோம். காந்தத்தை அதன் மேல் இழுத்தால் தாடி முளைத்த மாதிரி கறுப்புப் பொடி நிமிர்ந்து நிற்கும். மாக்னடைட், இரும்புத் தாது. லேசான மணலை அலை இழுத்துப்போக, கனமானது மட்டும் கோடாகத் தங்குகிறது. கவருக்குள்ளிருந்து காந்தத்தை உருவினால் தாடி மொத்தமும் உதிரும். எங்கள் வரிசையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று முறை வேண்டும் என்று சண்டை வந்தது.

அங்கே நிற்கும்போதே அந்தக் கல் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். சொல்லுங்கள், அது நம் சொந்தக் கதை. இந்தக் கரையோரம் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருப்பது. 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, சுவர் கடலுக்குள் குறுக்கே நீண்டதும் வருகிற மணல் தெற்கே தேங்கிவிட்டது. மெரினா அகலமானது அப்படித்தான். நமக்கு வரவு நின்றது, ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அதனால்தான் கல்லாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள். இதைக் கேட்ட ஒரு பெண், "அப்போ மெரினால இருக்கறது எங்க மண்ணா மிஸ்?" என்றாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜாக்கிரதை விஷயம். பக்கிங்காம் கால்வாய் ஓரம், கொடுங்கையூர் குப்பை மேட்டுப் பக்கம், தொழிற்சாலை ஓரத்து மண், நாய் பூனை புழங்குகிற மணல் குவியல், இவற்றில் கை வைக்க விடாதீர்கள். முடித்ததும் சோப்பு போட்டு நகக்கண் வரைக்கும் கழுவ வேண்டும். மண் தின்கிற பிள்ளையாக இருந்தால் அடிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவோடு அந்தப் பழக்கம் சேர்ந்து வருவது உண்டு.

இவ்வளவும் ஆனபிறகு சார்ட்டை ஒட்டுங்கள். பொடியை அவனே ஒட்டட்டும், பெயரையும் அவனே சொல்லட்டும். ஸ்கூலில் கேட்கிற வரிசை மாறினால் மாறட்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். டப்பா கழுவிய தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள், ரோஜாத் தொட்டியில் ஊற்றுங்கள். நான் பேசினில் ஊற்றினேன். பிளம்பர் வந்து வளைவுக் குழாயைக் கழற்றி, உள்ளிருந்து அச்சு வார்த்த மாதிரி ஒரு களிமண் உருளையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.