வின்ச் லிவருக்குக் கை எட்டவில்லையா? பம்பரை வெட்டும் முன் கியர்பாக்ஸைத் திருப்புங்கள்

கேள்வி: தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. 2014 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல்) ஜீப் வைத்திருக்கிறேன். எனக்கு விற்றவர் இரும்பு பம்பரும், அதற்குள்ளே சிக்கிய வண்டியை ரோப்பால் இழுத்தெடுக்கும் 9,500 பவுண்டு வின்ச்சும் போட்டிருந்தார். ஐப்பசி மழையில் அது இல்லாவிட்டால் வண்டி வீடு வந்து சேராது. ஆனால் ரோப் சுற்றும் டிரம்மை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் லிவர் பம்பரின் மேல் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ரோப்பைக் கையால் இழுத்துவிட ஃப்ரீ ஸ்பூலில் (டிரம் தடையின்றிச் சுழலும் நிலை) போட வேண்டும் என்றால் சேற்றில் படுத்து, ஸ்பேனரை உள்ளே விட்டு நெம்ப வேண்டும். ரோப் டிரம்மில் எப்படிச் சுற்றுகிறது என்பதும் தெரிவதில்லை. வத்தலக்குண்டு வெல்டர், "மேல் தகட்டை மொத்தமா எடுத்துடலாம் சார், ஒரு மணி நேர வேலை" என்கிறார். எடுத்துவிடலாமா?

பதில்: மேல் தகட்டை மொத்தமாக எடுக்காதீர்கள். கைக்கு ஒரு வழி வேண்டும் என்பது நியாயம்தான், அதற்கு வெட்டுவதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது பம்பர் இல்லை, அந்த ஸ்பேனர்.

நல்ல நிலையில் உள்ள கிளட்ச் லிவர் இரண்டு விரலுக்குத் திரும்ப வேண்டும். நெம்பினால்தான் திரும்புகிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம். கொக்கியை பம்பரில் மாட்டி ரோப்பை விறைப்பாக இழுத்துக் கட்டி வைத்திருப்பீர்கள். அந்த இழுவிசையில் உள்ளே பற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கும், லிவர் அசையாது. ரிமோட்டில் 'அவுட்' பொத்தானை ஒரு நொடி தட்டி ரோப்பைத் தளர்த்திவிட்டு லிவரைத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் லிவரின் தண்டைச் சுற்றிச் செம்மண் காய்ந்து கெட்டியாகியிருக்கிறது என்று அர்த்தம். இதில் ஆபத்து ஒன்று உண்டு. பாதித் திரும்பி நிற்கிற லிவரை வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே இருக்கும். சுமை ஏறும்போது பற்கள் நழுவினால் டிரம் விடுபட்டு, மேட்டில் நிற்கிற வண்டி பின்னால் உருளும். அதனால் லிவரைப் பூட்டியதும் ரோப்பைக் கையால் ஒரு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். டிரம் சுற்றாமல் நின்றால்தான் உள்ளே பற்கள் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, இனி கை எட்டும் விஷயம். பலருக்கும் தெரியாத ஒன்று, லிவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை மாற்ற முடியும். உங்கள் வகை வின்ச்சில் ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் கியர்பாக்ஸ், நடுவில் டிரம். லிவர் இருப்பது கியர்பாக்ஸின் மேல். திறந்த தட்டில் வைத்துப் பயன்படுத்துவார்கள் என்ற கணக்கில்தான் கம்பெனி அதை ஒரு பக்கமாகப் பொருத்தி அனுப்புகிறது. வின்ச் பம்பருக்குள் புதைந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். கியர்பாக்ஸை டிரம்மின் தாங்கியோடு இணைக்கும் போல்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். இந்த அளவு வின்ச்சுகள் பலவற்றில் வட்டமாகப் பத்து இருக்கும். பத்து என்றால் ஒரு ஓட்டை தள்ளிப் பூட்டும்போது லிவர் 36 டிகிரி நகரும். இரண்டு ஓட்டை தள்ளினால் 72 டிகிரி. மேல் தகட்டைப் பார்த்து நிற்கிற லிவர், பம்பரின் முகப்பு இடைவெளியைப் பார்த்துச் சாய்ந்துவிடும். பல வண்டிகளில் கதை இதோடு முடிந்துவிடுகிறது, கிரைண்டருக்கு வேலையே வருவதில்லை.

வேலையை வண்டியில் வைத்தபடியே செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வின்ச்சை வெளியே எடுத்து, கியர்பாக்ஸ் மேலே இருக்கும்படி மேசையில் செங்குத்தாக நிறுத்துங்கள். படுத்த வாக்கில் வைத்துப் போல்ட்டைக் கழற்றினால் கிரக கியர்கள் இடம் மாறவோ சரிந்து விழவோ வாய்ப்பு உண்டு, அவற்றைத் திரும்பக் கோப்பது பெரிய தலைவலி. பத்து போல்ட்டையும் எடுத்த பிறகு கியர்பாக்ஸைத் தூக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திருப்பி, அடுத்த ஓட்டைகளுக்கு நேராக வந்ததும் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேஸ்கட் கிழிந்திருந்தால் புதிது போடாமல் மூடாதீர்கள், அந்த வழியாகத்தான் தண்ணீர் போகும். இன்னொன்று, எல்லாத் தயாரிப்புகளிலும் இப்படித் திருப்ப முடியும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் மாடலின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வின்ச் வெளியே வந்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல் பாக்ஸ் வின்ச்சின் தலையில் உட்கார்ந்திருக்கிறதா? அப்படியானால் வழியை அடைப்பதில் பாதிப் பங்கு அதற்குத்தான். அதை பானெட்டுக்குள் பேட்டரி பக்கம் மாற்றுங்கள். முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிற மோட்டார் இது. நீட்டிப் போடும் வயர் 35 சதுர மில்லிமீட்டர் செம்பாகவே இருக்கட்டும், உரசும் இடங்களில் உறை போடுங்கள். பேட்டரி அருகே மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்று அவசியம்.

இதற்குப் பிறகும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எதை வெட்டக் கூடாது என்பதில் தொடங்குவோம். 9,500 பவுண்டு என்பது சுமார் 4,300 கிலோ. அந்த இழுப்பு ரோப்பிலிருந்து டிரம்முக்கு, அங்கிருந்து வின்ச்சின் கால்களில் உள்ள நான்கு போல்ட்டுக்கு, பிறகு வின்ச் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு, கடைசியாக வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்குப் போகிறது. அந்தத் தட்டிலும், அதைச் சேஸியோடு சேர்க்கும் பட்டைகளிலும் ஒரு மில்லிமீட்டர்கூட எடுக்கக் கூடாது. முகப்புத் தகட்டில் ரோப் வெளியே வரும் வழிகாட்டியான ஃபேர்லீட் உட்காருகிற இடமும் அப்படித்தான். நேராக இழுக்கும்போது அதற்கு அதிக வேலை இல்லை. பக்கவாட்டில் ஒரு மரத்தைப் பிடித்து இழுக்கும்போதுதான் ரோப் அதன் ஓரத்தில் சாய்ந்து பெரும் விசையைக் கொடுக்கும்.

மேல் தகடு சும்மா அழகுக்கு இருப்பதாக உங்கள் வெல்டர் நினைக்கிறார். அட்டைப்பெட்டி ஒன்றை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், அப்புறம் மூடியை வெட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள். தட்டு, முகப்பு, மேல் தகடு மூன்றும் சேர்ந்து பெட்டியாக நிற்பதால்தான் பக்கவாட்டு இழுப்பில் உங்கள் பம்பர் கோணாமல் இருக்கிறது. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் பம்பர்களில் இந்த மேல் தகட்டை நம்பியே மற்ற இரும்பின் கனத்தைக் குறைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற சேற்றுப்பாதை வண்டிப் போட்டியில் வின்ச் திறந்தே இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த வண்டிகளின் முன்பக்கம் முதலிலேயே அதற்கென்று கட்டப்பட்டது. பெட்டியாகச் செய்ததை வெட்டித் திறப்பது வேறு சமாசாரம்.

ஆகவே ஒரே ஒரு ஜன்னல், லிவருக்கு நேராக, கியர்பாக்ஸ் முனையில் மட்டும். டிரம்முக்கு நேராக வேண்டாம். லிவரைத் தொடப் போகிற கை, சுற்றுகிற ரோப்பைத் தொட முடியாதபடி இருப்பதுதான் நல்ல ஜன்னல். அளவை வெல்டரின் கண்மதிப்புக்கு விடாதீர்கள். தடித்த அட்டையில் வெட்டி, தோல் கையுறை போட்ட கையை அதில் நுழைத்து, லிவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புவது போல மணிக்கட்டைச் சுழற்றிப் பாருங்கள். சாதாரணக் கைக்கு அகலம் 120, உயரம் 100 மில்லிமீட்டர் போதும். கை போவதைவிட மணிக்கட்டு திரும்புவதுதான் முக்கியம், அளவெடுப்பவர்கள் அதைத்தான் மறக்கிறார்கள்.

வெட்டும்போது நான்கு மூலையிலும் முதலில் 20 மில்லிமீட்டர் ஓட்டை போட்டுவிட்டு, ஓட்டைக்கு ஓட்டை நேர்கோட்டில் வெட்டச் சொல்லுங்கள். கிரைண்டரை இரண்டு பக்கமும் ஓட்டிக் கூர் மூலையாக விட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். தகட்டின் மடிப்பிலிருந்தும் பழைய வெல்டிங் கோட்டிலிருந்தும் குறைந்தது இரண்டு விரல் தள்ளியே ஜன்னல் இருக்கட்டும். ஓரத்தைச் சுற்றி 8 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து வெல்ட் செய்தால் வெட்டியதில் போன பலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், கையையும் கிழிக்காது. மூடி, கீல் எல்லாம் வேண்டாம். இரண்டு மழைக்காலம் போனால் துருப்பிடித்து, அதைத் திறக்க ஒரு ஸ்பேனர் தேடுவீர்கள்.

ரோப்பைப் பார்ப்பதற்கு மேல் தகட்டில் டிரம்முக்கு நேராக ஒரு நீளமான பிளவு போடலாம். அதன் மேல் ஓட்டைத் தகடு அல்லது வலை ஒன்றை போல்ட் போட்டு மாட்டுங்கள். கண்ணுக்கு வழி இருக்க வேண்டும், விரலுக்கு இருக்கக் கூடாது.

வெட்டோ வெல்டிங்கோ, வின்ச் வண்டியில் இருக்கும்போது நடக்கக் கூடாது. உங்களுடையது சிந்தெடிக் ரோப்பாக இருந்தால் அது பக்கத்திலேயே இருக்கக் கூடாது. அந்த இழை சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும். கிரைண்டர் பொறி பட்ட இடம் வெளியே ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும், இழுக்கும்போது அந்த இடத்தில் அறும். பம்பரையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவது உத்தமம். அப்படி முடியாமல் வண்டியிலேயே வெல்ட் செய்தால் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, எர்த் கவ்வியை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். சிஆர்டிஇ இன்ஜினின் கன்ட்ரோல் யூனிட் போனால் அந்தச் செலவுக்கு நல்ல பம்பரே வாங்கியிருக்கலாம்.

லிவரோடு நீளக் கம்பியை வெல்ட் செய்து வெளியே நீட்டும் யோசனையையும் யாராவது சொல்வார்கள். வேண்டாம். காபிச் செடிக் கிளை ஒன்று தட்டினால் போதும், லிவர் பாதி திரும்பி நிற்கும், சுமை ஏறும்போது கிளட்ச் விடுபட்டுவிடும்.

வாங்கியதே பழைய வண்டி என்பதால் ரோப் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்றும் பாருங்கள். இவ்வகை வின்ச்சில் ரோப் டிரம்மின் அடிப்பக்கமாக வெளியே வர வேண்டும். தலைகீழாகச் சுற்றியிருந்தால் பிரேக் பிடிக்காது. முழுவதும் இழுத்துவிடும்போது இரும்பு ரோப் என்றால் ஐந்து சுற்று, சிந்தெடிக் என்றால் பத்துச் சுற்று டிரம்மில் மிச்சம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ரோப்பில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தால் சேற்றிலும் தெரியும். அப்புறம், 9,500 பவுண்டு என்பது டிரம்மில் முதல் அடுக்கில் மட்டும் கிடைக்கும் பலம். மேலே மேலே அடுக்கு ஏற ஏறக் குறைந்து, நான்காவது அடுக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வின்ச் திணறுகிறது என்று தோன்றினால் இன்னும் தள்ளி உள்ள மரத்தைப் பிடியுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன்பக்கக் கம்பித் தடுப்புகள் இந்தப் பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மாற்றங்கள் விஷயத்தில் கறாராகவே தீர்ப்பளித்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. தோட்டத்துக்குள் ஓடும்வரை யாரும் கேட்கப் போவதில்லை, வத்தலக்குண்டு சாலையில் கேட்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி நிச்சயம் கேட்கும். அவர்களுக்கு முன்பே எழுதித் தெரிவித்துவிடுங்கள். நம்பர் பிளேட்டையும் ரோப்பும் கொக்கியும் மறைக்கக் கூடாது.

நானாக இருந்தால் இன்னொரு வழியையும் விசாரிப்பேன். சேஸியில் ரிசீவர் எனப்படும் சதுரக் குழாய் ஒன்றைப் பொருத்தி, வின்ச்சைக் கழற்றி மாட்டும் தொட்டிலில் வைப்பது. லிவரும் டிரம்மும் வெட்டவெளியில் இருக்கும், தார்ச்சாலையில் போகும்போது வின்ச் வீட்டில் இருக்கும். ரிசீவர் அந்த இழுவிசையைத் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும். இரும்பு ரோப்போடு 40 கிலோ வரும் வின்ச்சைச் சேற்றில் தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டும் என்பதுதான் இதன் குறை.

இதே கேள்வியை 2020-இல் அறிமுகமான புதிய தார் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அதில் ஏர்பேக் இருக்கிறது. முன்பக்கத்தில் கனமான இரும்பைப் போட்டால் மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதமே மாறும். உங்கள் வண்டியில் அந்தக் கவலை இல்லை.

எந்த வழியில் முடித்தாலும் முதல் இழுப்பை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்துச் சரிவில் கீழே ஆள் யாரும் இல்லாமல் பார்த்து, ரோப்பின் மேல் ஒரு கனமான சாக்கைப் போட்டு, வண்டி தன்னைத்தானே மெதுவாக மேலே இழுக்க விடுங்கள். பிறகு வின்ச்சின் நான்கு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை பார்த்து, ஜன்னலின் மூலைகளில் பெயின்ட் முடிக்கோடாகப் பிளந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளந்திருந்தால் பம்பரைக் கழற்றி உள்பக்கமாக ஒரு பட்டை வைத்து வெல்ட் செய்யும்வரை அந்த வின்ச்சைத் தொடாதீர்கள்.