ஷூவில் கேரட், பொம்மைக்குள் பரிசு

கேள்வி: நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு நாங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் பள்ளியில் 5ஆம் குரூப் (வகுப்பு), மகன் 2ஆம் குரூப். சின்டர்க்ளாஸுக்காக மகள் ஒரு சீட்டு கொண்டுவந்திருக்கிறாள். அதில் வகுப்புப் பையன் ஒருவனின் பெயர், 5 யூரோ வரம்பு, 'சுர்ப்ரீஸ்', கவிதை என்றெல்லாம் இருக்கிறது. மகனோ இன்றிரவே ஷூ வைக்கவேண்டும் என்கிறான். கடையில் ஏதாவது வாங்கி, தாள் சுற்றிக் கொடுத்தால் போதாதா?

பதில்: சின்னவனுக்குப் போதும். பெரியவளுக்குப் போதாது.

முதலில் ஷூ. சின்டர்க்ளாஸ் என்பவர் புனித நிக்கோலஸ்தான், இன்றைய துருக்கியில் இருந்த மைரா நகரத்து ஆயர். அவருடைய திருநாள் டிசம்பர் 6. பெல்ஜியத்துப் பிள்ளைகளுக்குப் பரிசு அன்று காலையில். டச்சு வீடுகளில் முந்தின நாள் மாலையிலேயே. அரசு விடுமுறை கிடையாது. ஆனாலும் 5ஆம் தேதி மாலை ஆபீஸ் மீட்டிங் வைத்துவிடாதீர்கள், பிள்ளை பெற்றவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

நவம்பர் நடுவில் அவர் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்து இறங்குவதாகக் கதை. கப்பலையும் கூட வரும் உதவியாளனையும் கதைக்குள் கொண்டுவந்தவர் 1850இல் படப் புத்தகம் எழுதிய ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் யான் ஸ்கென்க்மன். அந்த உதவியாளன்தான் பீட். முகம் முழுக்கக் கறுப்புப் பூசும் வழக்கத்துக்கு எதிர்ப்பு வலுத்து, இப்போது பல ஊர்களில் கன்னத்தில் கரித் தீற்றல் மட்டும்தான். மகனுக்குப் பீட் வேஷம் போட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கப்பல் வந்த நாளிலிருந்து, இரவில் அவர் பரிசு போட்டுவிட்டுப் போவதற்காக ஷூ வைக்கலாம். தினமும் கேட்பான், வாரத்துக்கு ஒரு நாள் என்று இப்போதே பேசிவிடுங்கள். அவருடைய குதிரைக்கு ஒரு கேரட், ஒரு பாட்டு, அவ்வளவுதான் அவன் வேலை. அவன் தூங்கியபின் கேரட்டைக் கடித்து நுனியை மட்டும் விட்டுவைப்பது உங்கள் வேலை. பதிலுக்கு ஒரு மாண்டரின் ஆரஞ்சு, ஒரு கைப்பிடி க்ரௌட்நோட்டன் (மசாலா வாசனையுள்ள குட்டி பிஸ்கட்), முடிந்தால் அவன் பெயரின் முதல் எழுத்தில் ஒரு சாக்லேட். ஹீட்டர் பக்கம் ஷூவை வைக்கவேண்டாம், காலையில் சாக்லேட் குழம்பாகியிருக்கும். சைவமென்றால் பாக்கெட்டில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தென்ற நுரை மிட்டாய்களில் பெரும்பாலும் இருக்கும்.

சரி, மகளுக்கு வருவோம். எட்டு வயதுக்கு மேல், பரிசு வைப்பது பெற்றோர்தான் என்ற ரகசியம் தெரிந்துவிடும் என்பதால் பெரிய வகுப்புகளில் சீட்டுக் குலுக்கல். சுர்ப்ரீஸ் என்பது பரிசல்ல, பரிசை ஒளித்துவைக்கும் கைவேலை. அந்தப் பையன் கால்பந்துப் பைத்தியமா? பலூனின் மேல் செய்தித்தாளைப் பசையில் தோய்த்து ஒட்டி, காயவைத்துப் பந்தாக்கி, பரிசை உள்ளே போட்டு மூடச் சொல்லுங்கள். அசிங்கமாக வந்தாலும் கவலையில்லை. அப்பா செய்த அழகான பொம்மைதான் வகுப்பில் உடனே மாட்டிக்கொள்ளும்.

கவிதைதான் இதில் உயிர். பிரிப்பதற்கு முன் அந்தப் பையனே அதை எல்லார் முன்னும் உரக்கப் படிப்பான். நமக்கு எதுகை போல அவர்களுக்கு வரிக்கடைசியில் ஒலி சேரவேண்டும், நம் இயைபுதான். அவனைப் பற்றிக் கொஞ்சம் கேலி இருக்கலாம். உடம்பு, படிப்பு, வீட்டு வசதி பக்கம் போகக்கூடாது. முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும்:

பந்தைப் பார்த்தால் பறந்தோடிப் போவான்,
பையை மட்டும் தினம்தினம் மறப்பான்.

இதையே அவள் டச்சில் எழுதிக்கொள்வாள். எட்டு மாதத்தில் உங்களைவிட அவளுக்கு நன்றாக வந்திருக்கும். எட்டு வரி போதும். சின்டர்க்ளாஸைச் சுருக்கிச் சொல்லும் 'சின்ட்' என்ற சொல்லோடு, குழந்தை என்று பொருள்படும் 'கின்ட்' அழகாக ஒட்டும். கீழே கையெழுத்து 'சின்ட்' அல்லது 'பீட்'. மகள் பெயர் எங்கேயும் வரக்கூடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பசை, பலூன், கவிதை எல்லாம் தம்பி தூங்கியபிறகுதான். அவனுக்கு எல்லாம் ஸ்பெயினிலிருந்துதான் வருகிறது. பள்ளிக்குக் கொண்டுபோகும்போதும் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு முடிந்துவிடுங்கள். வாசலில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் அதே பை இருக்கும்.