தனி ஆட்கள் நடத்தும் சின்ன இணையதளங்கள் இன்னும் இருக்கின்றனவா? எப்படித் தேடிப் படிப்பது?

இருக்கின்றன. நானே ஒன்று வைத்திருக்கிறேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள வீடுகளில் ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமெண்ட் கல்) பதித்த தரைகளின் படங்கள் மட்டும்தான் அதில் இருக்கும். விளம்பரமும் கிடையாது, விருப்பக்குறி எண்ணிக்கையும் கிடையாது.

இந்தப் பைத்தியம் 2001-இல் பிடித்தது. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். காரைக்குடியில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து உட்காருவோம். தமிழ்ப் பக்கம் ஏதாவது திறந்தால் திரை முழுக்கப் புரியாத குறிகளாக வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவாத காலம் அது. பல தளங்களுக்கு அவரவர் எழுத்துருவைத் தனியாக இறக்கிக் கணினியில் ஏற்றினால்தான் எழுத்து தெரியும். "அண்ணே, இந்த ஃபான்ட்டை ஏத்திக்கலாமா?" என்று கடைக்காரரிடம் கேட்டு, அவர் தலையாட்டுவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். அப்படித்தான் மதுரைத் திட்டத்தைப் பார்த்தேன். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வீட்டில் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்து சம்பளமில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது வேறொரு பக்கம். கனடாவில் இருந்த ஈழத் தமிழர் ஒருவர் தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதியிருந்தார். எந்தப் படித்துறையில் யார் குளிப்பார்கள், எந்த மரத்திலிருந்து குதிப்பார்கள் என்று கையால் வரைந்த வரைபடம் ஒன்று. நீல நிறப் பின்னணி, கீழே வருகை எண்ணி, அதில் இருநூற்றுச் சொச்சம். உலகத்தில் இருநூறு பேருக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாரே என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதன் முகவரியை நான் குறித்து வைக்கவில்லை. பிறகு எத்தனையோ முறை தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. 1996-இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் பழைய பக்கங்களின் படிகளை வைத்திருக்கிறதுதான். ஆனால் அங்கே ஒரு பக்கத்தை எடுக்க அதன் முகவரி கையில் இருக்க வேண்டுமே.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பக்கங்கள் நிறைய இருந்தது, யார் வேண்டுமானாலும் தளம் வைக்க இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸில். 1994-இல் தொடங்கி, 1999-இல் யாஹூ கைக்குப் போய், 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மூடுவதற்குள் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் அள்ள முடிந்ததையெல்லாம் அள்ளி வைத்தது. அந்தப் பழைய வாசனையோடு கைல் டிரேக் என்பவர் 2013-இல் தொடங்கிய நியோசிட்டீஸ் இன்றும் இலவசமாக இடம் தருகிறது. தேடிப் படிக்க நீங்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் தேட மார்ஜினாலியா (Marginalia), விபி (Wiby) என்ற இரண்டு சின்னத் தேடுபொறிகள் இருக்கின்றன. எழுத்து அதிகமும் அலங்காரம் குறைவுமான பக்கங்களையே தேடித் தருபவை. மார்ஜினாலியா சுவீடனில் ஒரே ஆள் உருவாக்கியது.

இவற்றையெல்லாம்விட நல்ல வழி ஒன்று உண்டு. பிடித்த தளம் ஒன்று கிடைத்தால் அதில் 'இணைப்புகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறதா பாருங்கள். ஒருவர் தன் மனசுக்குப் பட்ட பத்துத் தளங்களை அங்கே போட்டிருப்பார். அதில் ஒன்றுக்குப் போனால் அங்கே இன்னும் பத்து. தேடுபொறியில் எந்தச் சொல்லைப் போட்டாலும் வராத பக்கங்கள் இப்படித்தான் கையில் அகப்படும். தமிழில் இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் பழைய தமிழ்த் தளங்களில் பலவற்றின் எழுத்து இன்றைய யூனிகோடில் இல்லை, தேடினால் சிக்காது. அப்புறம், படித்ததை உடனே கணினியில் சேமித்துவிடுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா. சைன்போர்டு எழுதும் ஓவியர். தமிழில் அச்சானது எதுவானாலும் தேடித்தேடிச் சேர்த்து, சுமார் 1 லட்சம் உருப்படிகளை வீட்டில் வைத்திருந்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. யாரும் கேட்காமல் ஒருவர் செய்த வேலை.

என் அப்பா கொத்தனார். ஆத்தங்குடிக் கல் பதிப்பதில் கைதேர்ந்தவர். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சாந்து ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது, சூளையே கிடையாது. வீடு இடித்தால் தேக்குத் தூணும் நிலையும் பழம்பொருள் கடைக்குப் போகும். தரையைப் பெயர்த்தால் பெரும்பாலும் உடைந்துவிடும். அதனால்தான் படம் எடுக்க ஆரம்பித்தேன். "ஆச்சி, தரையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கவா?" என்றால், "தரையில என்னப்பா இருக்கு, மேல பாரு, பர்மா தேக்கு" என்பார்கள். தரையைத்தான் எடுப்பேன். இதுவரை 63 வீடுகள். தளத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவு. இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்-ஐ மற்றவர்களின் பக்கங்களில் வலது கிளிக் செய்து மூலநிரலைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

போன ஐப்பசியில் பினாங்கிலிருந்து ஒரு அம்மா மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அங்குள்ள பழைய கடைவீடுகளின் தரைகளுக்கு அவரும் ஒரு தளம் வைத்திருக்கிறாராம். என் பன்னிரண்டாவது வீட்டின் ஓரக்கல் பூவும் அவர் தெருவில் ஒரு வாசல் கல்லின் பூவும் ஒன்று போலவே இருக்கின்றன, அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அப்பா படத்தைப் பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "பூ ஒண்ணுதான், ஓரத்துக் கோடு வேற கை" என்றார். அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டு, அவர் முகவரியை என் இணைப்புகள் பக்கத்தில் சேர்த்தேன்.