யானையைத் தொடக்கூட விடாத காப்பகத்துக்குப் போவதில் என்ன இருக்கிறது?

போய்ப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொட விடாததுதான் அங்கே எனக்கு மிகவும் பிடித்தது.

நான் போனது இலங்கையின் உடவளவையில் உள்ள யானைக்குட்டிகள் காப்பகத்துக்கு. 1995-ல் அந்நாட்டு வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கியது. தாய் சுடப்பட்டு அநாதையான குட்டிகள், கிணற்றிலோ குழியிலோ விழுந்து கூட்டத்தைப் பிரிந்த குட்டிகள் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் தருகிறார்கள். நாம் தள்ளி மேடையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் நாலைந்து குட்டிகள் காதை விரித்துக்கொண்டு ஓடி வந்தன. பணியாளர் புனலில் ஊற்றும் பால் குழாய் வழியாக வாய்க்குள் போகிறது. ஒரு குட்டி தன் பங்கைக் குடித்த பிறகும் நகராமல் நின்றது. மெல்லத் தட்டி அனுப்பினார்கள். புல்வெளிக்குப் போனதும் மற்ற குட்டிகளோடு சேர்ந்துகொண்டது. மேடையில் அத்தனை பேர் நின்றோம், எங்கள் பக்கம் அது திரும்பவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏனென்றால் ஏறக்குறைய 5 வயதானதும், சேர்ந்து வளர்ந்த குட்டிகளைக் குழுவாகக் காட்டில் விடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கும் மேல் இப்படிப் போயிருக்கின்றன. மனிதன் கை நீட்டினால் தீனி கிடைக்கும் என்று பழகிய யானை நாளைக்கு வயலைத் தேடித்தான் வரும். அங்கே துப்பாக்கி காத்திருக்கும். தாய்க்கு நேர்ந்தது பிள்ளைக்கும் நேர வேண்டுமா?

சவாரி, வித்தை காட்டும் இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலர் ஏமாறுவது 'யானையோடு குளியல்' என்பதில்தான். யானை தனக்குத் தோன்றும்போது குளிக்கும். ஒவ்வொரு பயணிக் கூட்டத்துக்காகவும் அதைத் தண்ணீரில் இறக்குவது வேலை வாங்குவதுதான். குட்டியைக் காட்டினால், 'இதன் தாய் எங்கே?' என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் டிக்கெட் வாங்காதீர்கள்.

பல ஆண்டுகள் சங்கிலியில் கிடந்த பெரிய யானைகளின் கதை வேறு. அவற்றில் பலவற்றால் காட்டுக்குத் திரும்ப முடியாது. அவற்றுக்குக் காலடியில் மண் வேண்டும், துணைக்கு இன்னொரு யானை வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பற்களும் தேய்ந்த கிழட்டு யானைக்கு மென்மையான தீனி வேண்டும். அப்படிப்பட்ட யானைகளை வைத்திருக்கும் காப்பகத்துக்குப் போனால், இவையெல்லாம் இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், உடவளவைக்குப் போவதானால் பால் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய்விடுங்கள். சீக்கிரம் முடிந்துவிடும்.