கட்டிலை முதலில் வெளியே போடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வு பெற்றபின் வீட்டுப் பின்பக்கம் வரும் பறவைகளைப் படமெடுப்பதில் பித்துப் பிடித்துவிட்டது. முருங்கை மரத்தடியில் செம்போத்து நடப்பதை முதலில் காட்டியதே பின்திண்ணைக் கட்டிலில் படுத்திருந்த அம்மாதான். இப்போது அவர் இருமினால் பறவைகள் பறந்துவிடுகின்றன என்று கட்டிலை உள்ளறைக்கு மாற்றிவிட்டேன். துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. அங்கே துணி போடாதே என்றால் மனைவி சண்டைக்கு வருகிறாள். மகன் கிண்டல் செய்கிறான். சேமிப்பில் கைவைத்து, தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் 600 எம்எம் லென்ஸ் வாங்கலாமா?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மகன் கிண்டலையும் மனைவி கோபத்தையும் பத்து வரி எழுதியிருந்தீர்கள். இடம் கருதிச் சுருக்கிவிட்டேன். கட்டிலை மாற்றியதற்கு நீங்கள் கொடுத்தது ஒரே வரி. எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

உள்ளறையில் ஜன்னல் இருக்கிறதா என்று எழுதவில்லை. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் வைத்த உங்கள் பகுதிப் பழைய வீடுகளில், நடு அறைக்குப் பகலிலேயே லைட் போட வேண்டும். நாளெல்லாம் முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அங்கே கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறீர்கள். எதற்கு? அவர் காட்டிக்கொடுத்த பறவையைப் படம் பிடிக்க!

அம்மாவுக்கு இருமல் நேற்று வந்ததா? அவர் இருமிக்கொண்டு கிடந்தபோதுதானே செம்போத்து வந்தது? தினமும் ஒரே இடத்தில் இருப்பவரைப் பறவைகள் பழகிக்கொள்ளும். வெள்ளை பனியனோடு சட்டென்று எழுந்து, கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி நாலடி முன்னால் போகிறவரைப் பார்த்தால்தான் மிரளும். பெற்றவளை நகர்த்தி இடம் பிடிக்கிற பொழுதுபோக்கு எதுவும் எனக்கு ஒப்பாது. பழைய பஞ்சாங்கம் என்று சொன்னாலும் சரி.

இன்றே கட்டிலை வெளியே போடுங்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு மங்கலான சட்டையில் நீங்கள் உட்காருங்கள். எது எந்த நேரத்தில் எந்தக் கிளைக்கு வரும் என்று அம்மாவைக் கேளுங்கள். குரலை வைத்தே சொல்வார். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டிலிருந்தே 15 நிமிடம் பார்த்து, கண்டதை, பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதியலாம். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

லென்ஸ் வேண்டாம். 600 எம்எம் லென்ஸ்களில் பலவும் ஏழெட்டு அடிக்குள் இருப்பதை ஃபோகஸே செய்யாது. உங்கள் கொல்லையின் அகலத்துக்கு 300 எம்எம் லென்ஸே தாராளம். பழவேற்காட்டுப் பூநாரைகளை எடுக்கப் போகும்போது பெரிய லென்ஸை வாடகைக்கு எடுங்கள்.

கூடு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம். ஆனால் கூட்டை மறைக்கிற இலை ஏதும் இருந்தால், படம் தெளிவாக வரட்டும் என்று அதைக் கிள்ளாதீர்கள், காக்கைக்கு வழிகாட்டியதாகிவிடும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை துணி மொட்டை மாடியில் காயட்டும். ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுவது நீங்கள்தான், உங்கள் மனைவி அல்ல.